20 டன் வரைதான்! - உலகின் மிகப்பெரிய ஹெலிகாப்டர் எம்.ஐ-26 சொல்லும் கதை

ஒரு ஹெலிகாப்டரையே கயிறு கட்டித் தூக்கிட்டுப் போற இன்னொரு ஹெலிகாப்டரைப் பார்த்திருக்கீங்களா?

2002-ல் ஆப்கானிஸ்தானில் அது நடந்தது. அமெரிக்க ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று சேதமடைந்து மலையில் கிடந்தது. சினூக் சின்ன வண்டி இல்லை. அதுவே பீரங்கிகளையும் ஜீப்புகளையும் தொங்கவிட்டுத் தூக்கிப் போகிற ரகம். அதைத் தூக்க அமெரிக்காவிடமே ஆள் இல்லை. கடைசியில் அவர்கள் வாடகைக்கு அழைத்தது, ஒரு காலத்தில் தங்கள் பரம எதிரியாக இருந்த சோவியத் நாட்டில் உருவான ஹெலிகாப்டரை. அதன் பெயர் எம்.ஐ-26.

தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட ஹெலிகாப்டர்களில் உலகிலேயே பெரியது இதுதான். 20 டன் தூக்கும். ஒரு பஸ் சராசரியாக 10 டன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பஸ்களின் எடை!

ஆனால், இதன் கதையை வெறும் சைஸ் கதையாகப் படித்தால் பாதிதான் புரியும். எவ்வளவு தூக்க முடியும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்விதான் ஆரம்பம் முதல் இன்று வரை இந்த மெஷின் கூடவே வருகிறது. சில இடங்களில் மனிதர்கள் அந்தக் கேள்வியை மதித்தார்கள். சில இடங்களில் மதிக்கவில்லை.

'எம்.ஐ' என்றால் யார்?

மிகயில் மில் என்ற சோவியத் இன்ஜினீயரின் பெயரிலிருந்து வந்ததுதான் 'எம்.ஐ'. 1909-ல் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் பிறந்தவர். அவருடைய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து வந்த ஹெலிகாப்டர்கள் எல்லாமே இந்த இனிஷியலோடுதான் பறக்கின்றன.

இந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணித்து விபத்துக்குள்ளானதே, அது எம்.ஐ-17வி5. எம்.ஐ-26-க்கு அது தம்பி மாதிரி. சைஸில் மட்டும் இல்லை, வேலையிலும் இரண்டும் வேறு வேறு.

சோவியத் யூனியனுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் தேவைப்பட்டது? மேப்பை எடுத்துப் பார்த்தால் புரியும். சைபீரியாவில் எண்ணெய்க் கிணறு இருக்கும், போக ரோடு இருக்காது. ரயில் இருக்காது. குளிர்காலத்தில் பனி, கோடையில் சேறு. ஓடுபாதை போட்டு விமானம் இறக்குவது எல்லா இடத்திலும் நடக்காது. ராணுவத்துக்கும் இதே பிரச்னைதான்.

அதற்காக 1957-ல் முதன்முதலில் பறந்தது எம்.ஐ-6. 12 டன் தூக்கும். அந்தக் காலத்தில் அது உலக அதிசயம்.

பெருசா செஞ்சா போதுமா?

அடுத்த கட்டமாக மில் குழு செய்த காரியம் இன்றைக்குப் பார்த்தாலும் மிரட்டும். எம்.ஐ-6-ன் பெரிய விசிறிகளில் இரண்டை எடுத்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என மாட்டினார்கள். நான்கு இன்ஜின்கள். ஒரு விசிறியின் முனையிலிருந்து மறு விசிறியின் முனை வரை 67 மீட்டர்! பெயர் வி-12. ராட்சத ஏவுகணைகளை ரோடு இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோகத்தான் இந்தத் திட்டம்.

1969 ஆகஸ்ட்டில் வி-12, 44 டன்னுக்கும் அதிகமான சுமையை 2,255 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியது. 1971-ல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் உலகமே வாயைப் பிளந்து பார்த்தது.

ஆனால், செய்தது மொத்தமே இரண்டுதான். சிக்கலான அமைப்பு. எந்த ஏவுகணைகளுக்காகக் கட்டினார்களோ, அந்தத் தேவையே குறைந்துவிட்டது. திட்டம் கைவிடப்பட்டது. இன்று ஒரு வி-12 மாஸ்கோ அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது, செல்ஃபி எடுக்க வருபவர்களுக்காக.

மிகயில் மில் 1970 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் மராத் திஷெங்கோ. அவர் முன்னால் இருந்த பாடம் தெளிவானது. எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெருசாக்கினால், ஹெலிகாப்டர் தன் சொந்த எடையைத் தூக்கவே பாதி சக்தியைச் செலவழிக்கும்.

ஒரு பாதி வண்டி, மறு பாதி சுமை

புது ஹெலிகாப்டருக்கு வைக்கப்பட்ட நிபந்தனை சிம்பிளானது. ஆனால் கொடூரமானது. காலியாக இருக்கும்போது அதன் எடை, அதிகபட்சமாகக் கிளம்பக்கூடிய மொத்த எடையில் பாதியைத் தாண்டக் கூடாது.

விளைவைப் பாருங்கள். எம்.ஐ-6 காலி எடை சுமார் 27 டன், தூக்கியது 12 டன். எம்.ஐ-26 காலி எடை சுமார் 28 டன், தூக்குவது 20 டன். ஒரு டன் கூடுதல் எடையில் எட்டு டன் கூடுதல் சுமை! அதிலும் எம்.ஐ-6-ன் விசிறி 35 மீட்டர் விட்டம். இதற்கு 32 மீட்டர்தான். சின்ன விசிறியை வைத்துக்கொண்டு அதிகம் தூக்குகிறது.

எப்படி முடிந்தது? மூன்று விஷயங்கள்.

முதலாவது, எட்டு இறக்கைகள். எம்.ஐ-6-க்கு ஐந்து. இறக்கைகள் கூடினால் ஒவ்வொன்றும் பங்கு போட்டுச் சுமையைத் தாங்கும். அதனால் விசிறியின் அகலத்தைக் குறைக்கலாம். ஆனால், எட்டு இறக்கைகளையும் நடுவில் இணைக்கும் பகுதி கனமாகிவிடும். அதை டைட்டானியத்தில் செய்தார்கள். இறக்கைகளின் உள்ளே எஃகுத் தண்டு, வெளியே கண்ணாடி இழை. எட்டு இறக்கைகளோடு வெற்றிகரமாகப் பறந்த முதல் ஹெலிகாப்டர் இதுதான்.

இரண்டாவது, இன்ஜின். டி-136 என்ற டர்பைன் இன்ஜின்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 11,400 குதிரைசக்தி. ஒன்று நின்றுபோனால் மற்றொன்று தானாகவே சக்தியைக் கூட்டிக்கொள்ளும். இந்த இன்ஜின்கள் எங்கே தயாரானவை என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க. உக்ரைனின் சப்போரிஜியா நகரம். கதையின் கடைசியில் இது தேவைப்படும்.

மூன்றாவது, கியர்பாக்ஸ். உண்மையான ஹீரோ இதுதான். டர்பைன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும். மேலே இருக்கும் விசிறி 132 முறைதான் சுற்ற வேண்டும். சுமார் 20,000 குதிரைசக்தியை உடையாமல், உருகாமல் மெதுவாக்கி மேலே அனுப்ப வேண்டும். வழக்கமாக கியர்பாக்ஸை இன்ஜின் தயாரிப்பவர்கள் வடிவமைப்பார்கள். இதற்கு மில் குழுவே இறங்கி வேலை பார்த்தது. முழு பாரமும் ஒரே பல்சக்கரத்தின் மேல் விழாமல், பல சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பை உருவாக்கினார்கள். அந்த கியர்பாக்ஸ் மட்டுமே மூன்றரை டன்னுக்கு மேல்.

1977 டிசம்பர் 14 அன்று சோதனை விமானி குர்கன் கராபெத்யான் எம்.ஐ-26-ஐ முதன்முறையாகத் தரையிலிருந்து எழுப்பினார். 1981-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. 1982-ல் தன் எடையும் சுமையும் சேர்த்து 56.7 டன்னோடு 2,000 மீட்டர் உயரம் தொட்டு சாதனை படைத்தது. 80-களின் நடுவில் சோவியத் படையில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. தென் ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரத் தொழிற்சாலையில் இதுவரை 300-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன.

நீங்களே கணக்குப் போடலாம்

'20 டன் தூக்கும்' என்று சொன்னால் எப்பவும் 20 டன் தூக்கும் என்று அர்த்தம் இல்லை. மொபைல் கால்குலேட்டரை எடுங்க.

அதிகபட்சமாக 56 டன்னோடு கிளம்பலாம். காலி எடை 28.2 டன். மீதி 27.8 டன். அதில் 20 டன் சுமை ஏற்றினால் மிச்சம் 7.8 டன். அதற்குள்தான் எரிபொருளும் ஆட்களும். டேங்க்குகளின் கொள்ளளவு சுமார் 12,000 லிட்டர். முழுசா நிரப்பினால் சுமார் 9.6 டன் எடை. இடிக்குதே! அதனால், முழுச் சுமையும் முழு டேங்க்கும் ஒரே நேரத்தில் கிடையாது. அதிகம் தூக்கினால் தூரம் குறையும். தூரம் வேண்டுமென்றால் சுமையை இறக்க வேண்டும்.

இன்னொன்று, உயரம். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். விசிறி தள்ளுவதற்குக் காற்றே கம்மி. வெயில் அதிகமானாலும் இதே கதை. கடல் மட்டத்தில் தூக்கிய சுமையை இமயமலையில் தூக்க முடியாது.

உள்ளே? சுமை வைக்கும் இடம் 12 மீட்டர் நீளம், 3 மீட்டருக்கு மேல் அகலம். பின்பக்கக் கதவு சாய்வுப் பாதையாகத் திறக்கும். லாரியை அப்படியே ஓட்டி ஏற்றலாம். ஆட்கள் என்றால் 80 முதல் 90 வீரர்கள், அல்லது ஸ்ட்ரெச்சரில் 60 நோயாளிகள்.

செர்னோபில்: கண்ணுக்குத் தெரியாத சுமை

1986 ஏப்ரல் 26. உக்ரைனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. எரியும் உலையை மூட ஒரே வழி வானம்தான். எம்.ஐ-8, எம்.ஐ-6, எம்.ஐ-26 எல்லாம் வரவழைக்கப்பட்டன. மணல், களிமண், ஈயம், போரான், டோலமைட் என சுமார் 5,000 டன் பொருட்களை மேலிருந்து கொட்டினார்கள். ஆரம்பத்தில் கதவைத் திறந்து மூட்டைகளைக் கையாலேயே தள்ளிவிட்டிருக்கிறார்கள்! கதிர்வீச்சிலிருந்து தப்பிக்க சீட்டுக்கு அடியில் ஈயத் தகடு போட்டுக்கொண்டார்கள்.

பின்னாளில் உள்ளே போய் ஆராய்ந்தவர்கள், கொட்டியதில் பெரும்பகுதி உலையின் மையத்துக்குள் விழவேயில்லை எனக் கண்டார்கள். அந்த விமானிகளுக்கு அன்றைக்கு அது தெரியாது. திரும்பத் திரும்பப் போனார்கள்.

அடுத்த மாதங்களில் எம்.ஐ-26-க்கு வேறு வேலை. கதிரியக்கத் தூசி காற்றில் பறக்காமல் இருக்க, ஒட்டும் தன்மையுள்ள திரவத்தைத் தரையெங்கும் தெளித்தன. வேலை முடிந்ததும் பல ஹெலிகாப்டர்களைத் திரும்பப் பயன்படுத்தவே முடியவில்லை. ரசோகா என்ற இடத்தில், கதிர்வீச்சேறிய லாரிகளோடு வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள்.

மெஷினை நிறுத்திவிட்டுப் போகலாம். மனிதர்களை?

செர்னோபில் மேல் எம்.ஐ-26 ஓட்டியவர்களில் ஒருவர் சோதனை விமானி அனத்தோலி கிரிஷெங்கோ. சில வருடங்களில் அவருக்கு ரத்தப் புற்றுநோய். 1990-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அழைத்துச் சென்று எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். பனிப்போர் முழுதாக முடியாத காலம். ஒரு சோவியத் விமானியைக் காப்பாற்ற அமெரிக்க மருத்துவர்கள் போராடினார்கள். முடியவில்லை. அந்த ஜூலை மாதம் இறந்துபோனார். பின்னர், ரஷ்யாவின் மிக உயர்ந்த 'ரஷ்ய நாயகன்' பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

மாமூத் முதல் பொக்லைன் வரை

சோவியத் யூனியன் 1991-ல் சிதறியது. எம்.ஐ-26-க்கு வேலை மட்டும் குறையவில்லை.

1999 அக்டோபரில் சைபீரியாவின் வடக்கே தைமிர் பகுதியில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்து உறைந்த ஒரு மாமூத் யானையை, சுற்றியிருந்த பனி மண்ணோடு ஒரே கட்டியாக வெட்டி எடுத்தார்கள். 20 டன்னுக்கும் மேல். அதைத் தொங்கவிட்டுத் தூக்கி ஹட்டாங்கா ஊருக்குக் கொண்டுபோனது எம்.ஐ-26. வரம்பைத் தாண்டிய சுமை என்பதால், உடலோ இறக்கையோ வளைந்திருக்கிறதா எனப் பார்க்க ஹெலிகாப்டரை அதன் பிறகு தொழிற்சாலைக்கே அனுப்பினார்கள். வரம்பைத் தாண்டினால் விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

2008 மே 12. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பெரும் நிலநடுக்கம். மலை சரிந்து ஆற்றை அடைத்து, தாங்ஜியாஷான் என்ற இடத்தில் புது ஏரியே உருவாகிவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. அந்த மண் அணை உடைந்தால் கீழே இருக்கும் லட்சக்கணக்கான மக்கள் கதி? ரோடெல்லாம் போச்சு. எம்.ஐ-26 ஹெலிகாப்டர்கள் புல்டோசர்களையும் பொக்லைன்களையும் தொங்கவிட்டுத் தூக்கிவந்து மலை மேல் இறக்கின. அவற்றை வைத்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். ஜூன் மாதம் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியே வடிந்தது.

காட்டுத்தீ அணைக்கவும் இதைக் கூப்பிடுவார்கள். கீழே தொங்கும் பெரிய வாளியில் ஒரே தடவையில் 15,000 லிட்டர் தண்ணீர் எடுக்கும்.

விதியை மீறிய ஒரு நாள்

இப்போது கதையின் கனமான பகுதி.

2002 ஆகஸ்ட் 19. செச்னியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. மொஸ்தோக் ராணுவத் தளத்திலிருந்து ஓர் எம்.ஐ-26 கன்கலா தளத்துக்குக் கிளம்பியது. 80, 90 பேர் போகக்கூடிய ஹெலிகாப்டரில் 140-க்கும் மேற்பட்டவர்கள் ஏறியிருந்தார்கள். இத்தனைக்கும், இந்த ரக ஹெலிகாப்டரில் பயணிகளை ஏற்றக் கூடாது என்று 1997-லேயே ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு பேப்பரில் இருந்தது.

தரையிறங்கும் நேரத்தில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்று இன்ஜினைத் தாக்கியது. ஹெலிகாப்டர் விழுந்த இடம், தளத்தைப் பாதுகாக்க ரஷ்யப் படையே புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி வயல். தீ பரவியது. உள்ளேயிருந்து தப்பி ஓடியவர்களுக்குக் காலடியில் வெடி. 127 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த சம்பவம் இன்று வரை இதுதான்.

சுட்டது எதிரிதான். ஆனால், இறந்தவர்களின் எண்ணிக்கையை இவ்வளவு கூட்டியது, 'இடம் இருக்கே, ஏறிக்கோ' என்ற அலட்சியம். எம்.ஐ-26 140 பேரின் எடையை அநாயாசமாகத் தூக்கும். ஆளுக்கு 100 கிலோ என்றாலும் 14 டன்தான். எடைக் கணக்கில் அது பாஸ். ஆனால் இருக்கை, பெல்ட், அவசர வழி என்ற கணக்கில் ஃபெயில்.

இந்தியாவில் எம்.ஐ-26

1986-லேயே நம் விமானப்படை இதை வாங்கிவிட்டது. மொத்தம் நான்கு. சண்டிகரில் உள்ள 126-வது ஹெலிகாப்டர் பிரிவில் இருந்தன. பிரிவின் செல்லப்பெயர் 'ஃபெதர்வெயிட்ஸ்'. அதாவது, இறகு எடைக்காரர்கள். நக்கல்தான்!

காஷ்மீர் ரயில் பாதைக்கான கனரக இயந்திரங்களை ரோடு போடாத மலைகளுக்கு எடுத்துப்போனது இது. 2013 உத்தரகாண்ட் வெள்ளத்துக்குப் பின் கேதார்நாத்தை மறுசீரமைத்தபோது, சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கே போய் இறங்கியது. நான்கில் ஒன்று 2010 டிசம்பரில் ஜம்முவில் விபத்துக்குள்ளானது.

பிறகு, புதிய கனரக ஹெலிகாப்டர் வாங்க இந்தியா போட்டி நடத்தியது. நவீனமாக்கப்பட்ட எம்.ஐ-26டி2 ஒரு பக்கம், அமெரிக்க சினூக் மறு பக்கம். தூக்கும் திறனில் சினூக் இதில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் ஜெயித்தது சினூக். செலவுக் கணக்கு அதற்குச் சாதகமாக இருந்தது. 2019 மார்ச்சில் முதல் சினூக்குகள் சேர்ந்ததும் அதே சண்டிகர் பிரிவில்தான். ஆப்கானிஸ்தானில் யார் யாரைத் தூக்கினார்களோ, இங்கே அவர் இடத்தை இவர் பிடித்துக்கொண்டார்.

இன்ஜின் அங்கே, உடம்பு இங்கே

சப்போரிஜியா ஞாபகம் இருக்கா? எம்.ஐ-26-ன் உடம்பு ரஷ்யாவில், இன்ஜின் உக்ரைனில். ஒரே நாடாக இருந்தவரை பிரச்னை இல்லை. 2014-ல் கிரிமியா விவகாரத்துக்குப் பின் ரஷ்யாவுக்கு ராணுவத் தளவாடங்கள் தருவதை உக்ரைன் நிறுத்தியது. 2022-ல் முழுப் போர். இன்ஜின்கள் தயாரான மோட்டார் சிச் ஆலையின் மீதே ரஷ்ய ஏவுகணைகள் விழுந்தன. எம்.ஐ-26-க்கு மாற்று இன்ஜினை ரஷ்யா சொந்தமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

1986-ல் உக்ரைன் மண்ணைக் காப்பாற்ற ரஷ்ய உடம்பும் உக்ரைன் இன்ஜினும் ஒன்றாகப் பறந்தன. இன்று அதே இரண்டு ஊர்களும் எதிரெதிர் பக்கம்.

அடுத்த முறை வீடியோவில் பார்த்தால்...

ரீல்ஸிலோ யூடியூபிலோ எம்.ஐ-26 வந்தால், முதலில் இறக்கைகளை எண்ணுங்கள். எட்டு இருந்தால் இதுவேதான். அடுத்து, கீழே தொங்கும் சுமையைப் பாருங்கள். ஆடுகிறதா, நேராக இருக்கிறதா? கீழே தொங்குவது மேலே இருக்கும் விமானிக்கு நேரடியாகத் தெரியாது. அதற்காகவே கேமரா உண்டு, சுமையைக் கவனிக்கத் தனி ஆளும் உண்டு.

கிளம்பும் முன் எடையைக் கூட்டிப் பார்த்து, 'இது போதும், அடுத்த ட்ரிப்ல மீதியை எடுத்துக்கலாம்' என்று சொல்ல வேண்டியதும் அந்தக் குழுதான். சிச்சுவானில் புல்டோசர்கள் மலை மேல் பத்திரமாக இறங்கியதற்கும், கன்கலாவில் 127 பேர் வீடு திரும்பாததற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வார்த்தை. 'போதும்!'